அடுத்து எதைப் படிப்பது? நூலகத்தைக் கொண்டே கண்டுபிடிக்கும் வழிகள்

நல்ல புத்தகம் ஒன்றை முடித்த கையோடு நூலகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். அலமாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்து, கழுத்தைச் சாய்த்துத் தலைப்புகளை வாசித்து, கண் களைத்து, கடைசியில் ஏற்கெனவே தெரிந்த எழுத்தாளரின் இன்னொரு நூலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நூலகத்தில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே போகும்போது கையில் கேள்வி இல்லை, அவ்வளவுதான்.

நூலகத்தில் எந்தப் புத்தகமும் தனியாக நிற்பதில்லை. பகுப்பு எண் (அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் எண்), பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்று நூலகர் இட்ட பெயர்), நூல்வரிசை (ஒரே பொதுப்பெயரில் தொடர்ந்து வரும் நூல்கள்), மொழிபெயர்ப்பாளர் பெயர் என்று பல இழைகளால் மற்ற புத்தகங்களோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த இழைகளைக் கட்டி வைப்பதற்கென்றே நூலகர்கள் ஒவ்வொரு புத்தகத்தின் மீதும் நேரம் செலவழித்திருக்கிறார்கள். கடைசியாக உங்களுக்குப் பிடித்த புத்தகம் எதுவோ, அதிலிருந்து எந்த இழையைப் பிடித்துப் போவது என்று தெரிந்தால் போதும்.

முதலில், ஏன் பிடித்தது?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு மற்ற வழிகளுக்குப் போகாதீர்கள். கடல் பற்றிய நாவல் ஒன்று பிடித்திருந்தால், பிடித்தது கடலா, அதில் வரும் கிழவரின் குணமா, அடுத்து என்ன நடக்குமோ என்ற பதற்றமா, வாக்கியங்களின் ஓசையா? அமெரிக்க நூலகரான நான்சி பெர்ல் இதை நான்கு வாசல்களாகப் பிரிப்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. எந்த வாசல் வழியாக அந்தப் புத்தகத்துக்குள் நுழைந்தீர்கள் என்று தெரிந்தால், எந்த இழை உதவும் என்பதும் தெரிந்துவிடும்.

களம் பிடித்திருந்தால் பொருள் தலைப்பும் அலமாரியும் உதவும். அந்தக் களம் பற்றிய பயணநூலும் வரலாறும்கூட நாவல் அளவுக்கே பிடிக்கும். மொழி பிடித்திருந்தால் பொருள் தலைப்பால் பயனில்லை. மொழிபெயர்ப்பாளரையும் பதிப்பகத்தின் நூல்வரிசையையும் தேடுங்கள். கதையின் விறுவிறுப்பும் பாத்திரங்களும் நூலகத்தின் நூல் பட்டியலான கேட்லாக்கில் பதிவாவது குறைவு. அவற்றுக்கு நூலகரிடம் பேசுவதுதான் சரியான வழி.

காரணத்தை ஒரே வரியில், புத்தகத்தின் பெயர் இல்லாமல் எழுதிப் பாருங்கள். ‘மெதுவாக நகரும், பேச்சு குறைவான, ஒரே ஊருக்குள் நடக்கும் கதை’ என்பது நல்ல வரி. ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்பதை வைத்து யாராலும் தேட முடியாது.

கேட்லாக் பதிவை முழுதாகப் படியுங்கள்

பிடித்த புத்தகத்தை நூலகத்தின் இணையக் கேட்லாக்கில் தேடி, அதன் முழுப் பதிவைத் திறங்கள். பலர் ‘இருக்கிறதா, இரவலில் போயிருக்கிறதா’ என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த புத்தகத்துக்கான தகவல் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

பொருள் தலைப்புகள் நீல எழுத்தில், அழுத்தக்கூடிய இணைப்புகளாக இருக்கும். ‘மீனவர்கள் – புனைகதை’, ‘மீனவர்கள் – வாழ்க்கை வரலாறு’ என்று இரண்டு துண்டுகளாக வரும். முதல் துண்டு எதைப் பற்றியது என்பதையும், இரண்டாவது துண்டு எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்பதையும் சொல்லும். அதை அழுத்தினால் நூலகர்கள் அதே தலைப்பைக் கொடுத்த எல்லா நூல்களும் வரிசையாக வரும். தேடல் பெட்டியில் ‘மீனவர்’ என்று நீங்களே அடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. நீங்கள் அடித்தால் அந்தச் சொல் தலைப்பில் இருக்கும் நூல்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும். தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாமல், முழுக்க முழுக்க மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் பொருள் தலைப்பு வழியாகத்தான் அகப்படும்.

‘தமிழ்ப் புனைகதை’ போன்ற அகலமான தலைப்பை அழுத்தாதீர்கள். ஆயிரக்கணக்கில் கொட்டும், எதுவும் தேறாது. பதிவில் மூன்று தலைப்புகள் இருந்தால் அவற்றில் மிகக் குறுகலானதைத் தேர்ந்தெடுங்கள். முடிவுகள் 10 முதல் 60-க்குள் வந்தால் சரியான அளவு. அதற்கு மேல் போனால் மொழி, ஆண்டு, வடிவம் ஆகிய வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள்.

பதிவின் பக்கத்தில் ‘மார்க் பார்வை’ (நூலகக் கணினிகள் படிக்கும் வடிவில் அதே பதிவு) என்று ஒரு தாவல் இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். எண்களும் டாலர் குறிகளுமாகப் பயமுறுத்தும், ஆனால் வாசகருக்கு வேண்டியவை ஏழெட்டு வரிகள்தான். 650 என்ற வரி பொருள் தலைப்பு, 655 நூலின் வகை, 520 கதைச்சுருக்கம், 490 அல்லது 830 நூல்வரிசை, 504 பின்னால் துணைநூற்பட்டியல் உண்டா என்ற குறிப்பு, 586 பெற்ற விருதுகள். 700-இல் மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாசிரியர், முன்னுரை எழுதியவர் ஆகியோர் இருப்பார்கள்.

புனைவு வாசகர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த 700-ஐத்தான். ஒரு மொழிபெயர்ப்பு உங்களை உலுக்கியது என்றால், நீங்கள் உண்மையில் வாசித்தது அந்த மொழிபெயர்ப்பாளரின் தமிழை. அவர் பெயரை அழுத்தினால் அவர் கொண்டுவந்த மற்ற நூல்கள் எல்லாம் வரும். எதை மொழிபெயர்ப்பது என்பதில் பெரும்பாலான நல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொந்த ருசி உண்டு. அந்த ருசியை நம்பலாம்.

வீட்டில் இருக்கும் புத்தகத்தையே தொடக்கமாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பதிப்புரிமை விவரங்களுக்குக் கீழே சில நூல்களில் பொருள் தலைப்புகளும், டியூவி என்ற பகுப்பு முறையின் எண்ணும் அச்சிட்டிருக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1971-இல் தொடங்கிய, அச்சாகும் முன்பே நூலைப் பட்டியலிடும் திட்டத்தால் வந்த வழக்கம் இது. ஆங்கில நூல்களில் அதிகம் காணலாம். அந்தத் தலைப்பை அப்படியே உங்கள் நூலகக் கேட்லாக்கில் இட்டுத் தேடலாம்.

தமிழில் தேடும்போது எங்கே சறுக்கும்

புத்தகம் அலமாரியில் இருக்கும், கேட்லாக் ‘இல்லை’ என்று சொல்லும். இதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி. ‘கடல்’ என்று அடித்தால் ‘கடலோரம்’ வராது, ‘கடற்கரை’யும் வராது. பல கேட்லாக்குகளில் சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். ஆனால் ‘கடல்*’ என்று புள்ளியோடு போட்டால் பயனில்லை. கணினிக்குப் புள்ளியும் ஒரு தனிக் குறி. ‘கடலோரம்’ என்பதில் ‘ல’வுக்குப் பிறகு புள்ளி கிடையாது, ஓகாரக் குறிதான் வருகிறது. அதனால் புள்ளியை எடுத்துவிட்டு ‘கடல*’ என்று போடுங்கள். கடல், கடலில், கடலோரம் மூன்றும் சிக்கும். ‘கடற்*’ என்று தனியாக இன்னொரு முறை தேடுங்கள்.

இரண்டு, ரோமன் எழுத்து. வெளிநாட்டு நூலகங்களிலும் பல பல்கலைக்கழக நூலகங்களிலும் தமிழ் நூல்களின் தலைப்பு ஆங்கில எழுத்தில் மட்டுமே பதிவாகியிருக்கும். அதுவும் நாம் கைப்பேசியில் தட்டுவதுபோல் அல்ல. காங்கிரஸ் நூலக முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே ரோமன் எழுத்துதான். எப்படி ஒலித்தாலும் ‘க’வுக்கு ‘கே’, ‘ஜி’ வராது. ‘ச’வுக்கு ‘சி’, ‘எஸ்’ வராது. ‘ழ’வுக்கு அடியில் கோடு போட்ட ‘எல்’, ‘இசட் எச்’ வராது. நெடிலுக்கு மேலே ஒரு கோடு உண்டே தவிர எழுத்து இரட்டிக்காது. தேடும்போது கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிடலாம், பெரும்பாலான கேட்லாக்குகள் பொருட்படுத்துவதில்லை. ஆக ‘வாழ்க்கை’ என்ற சொல்லை வி, ஏ, எல், கே, கே, ஏ, ஐ என்று அடிக்க வேண்டும். ‘மழை’ என்றால் எம், ஏ, எல், ஏ, ஐ. இது பழகிவிட்டால் அதுவரை ‘இல்லை’ என்றே சொல்லிவந்த கேட்லாக்குகள் திறந்துகொள்ளும்.

மூன்று, தலைப்பெழுத்து. எழுத்தாளரின் இனிஷியல் பதிவில் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், புள்ளியோடும் இல்லாமலும் இருக்கலாம். இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தேடுங்கள். கிரந்த எழுத்து உள்ள பெயராக இருந்தால் ‘ஜ’, ‘ச’ இரண்டிலும் தேடுங்கள்.

அலமாரியில் எங்கே நிற்பது

பெரும்பாலான பொது நூலகங்கள் 1876-இல் மெல்வில் டியூவி வெளியிட்ட தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. 000 பொது, 100 தத்துவம், 200 சமயம், 300 சமூகம், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலை, 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். எண்ணைத் தசமமாகப் படியுங்கள்: 598.15 என்பது 598.2-க்கு முன்னால் வரும். பதினைந்து இரண்டைவிடப் பெரியது என்று நினைத்து வலப்பக்கம் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

தமிழ் இலக்கியத்துக்கு டியூவி எண் 894.811. அதற்கடுத்த இலக்கம் வடிவத்தைச் சொல்லும்: 1 கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை, 5 சொற்பொழிவு, 6 கடிதங்கள். 894.8113-இல் எப்போதும் ஆள் நிற்கும். 894.8116-இல் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் நாவல்களை முடித்துவிட்டீர்கள் என்றால், அவருடைய கடிதங்கள் அங்கே இருக்கின்றனவா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். எழுத்தாளர்கள் தாங்கள் வாசித்தவற்றைப் பற்றித் தாராளமாகப் பேசுவது கடிதங்களில்தான்.

இன்னொரு நல்ல இடம் 808.8. பல மொழி இலக்கியங்களைச் சேர்த்த தொகைநூல்கள் இங்கே இருக்கும். 808.81 கவிதை, 808.83 கதைகள். ஒரே தொகுப்பில் இருபது எழுத்தாளர்களை ருசி பார்க்கலாம். பிடித்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு கேட்லாக்குக்குத் திரும்புங்கள். அடுத்த ஆறு மாத வாசிப்புக்கு ஒரு தொகைநூலே போதும்.

அபுனைவில், அதாவது கதை அல்லாத நூல்களில், ஒரு சிக்கல் இருக்கிறது. டியூவி முறை ஒரு பொருளை அது எந்தத் துறையின் பார்வையில் எழுதப்பட்டது என்று பார்த்துச் சிதறடித்துவிடும். கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலியல் 551.46, மீன்கள் 597, திமிங்கலம் 599.5, கடல்வழிப் போக்குவரத்து 387.5, கப்பல் கட்டுமானம் 623.8, மீன்பிடித் தொழில் 639.2, கடற்பயணங்கள் 910.45. ஓர் அலமாரியைப் பார்த்துவிட்டு ‘கடல் பற்றி இவ்வளவுதான்’ என்று திரும்புகிறவர் மற்ற ஆறு அலமாரிகளைத் தவறவிடுகிறார். டியூவி தன் பகுப்பு நூலின் பின்னால் தொடர்புச் சுட்டி என்று ஒரு அகரவரிசையைக் கொடுத்ததே இதற்காகத்தான். ஒரு சொல் எந்தெந்த எண்களில் வருகிறது என்று அது சொல்லும். நூலகரிடம் அந்தத் தொகுதி இருக்கும், கேட்டால் காட்டுவார். ஒரு துறையில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றி வாசிக்க விரும்பினால் எண்ணின் முடிவில் 092 வரும் நூல்களைத் தேடுங்கள். 509.2 அறிவியலாளர்களின் வாழ்க்கை, 780.92 இசைக்கலைஞர்களின் வாழ்க்கை. சில நூலகங்கள் வாழ்க்கை வரலாறுகளை மொத்தமாக 920-இல் வைத்துவிடும், அதையும் பாருங்கள்.

நாவல்களுக்கு எண் போடாமல் எழுத்தாளர் பெயரின் அகர வரிசையில் அடுக்கும் நூலகங்களும் ஏராளம். அங்கே பக்கத்துப் புத்தகம் என்பது தற்செயல்தான், உறவு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட நூலகத்தில் புனைவு தேடுகிறவர்கள் அலமாரியில் நேரத்தைச் செலவழிக்காமல் கேட்லாக்கிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு என்ற வேறொரு முறையைப் பின்பற்றும் நூலகம் அருகில் இருந்தால் இலக்கிய அலமாரியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அந்த முறையில் எழுத்தாளரின் பிறந்த ஆண்டே எண்ணாகிவிடும். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு ஓ111,2ஜே64. ஓ என்றால் இலக்கியம், 111 ஆங்கிலம், 2 நாடகம், ஜே64 என்றால் 1564-இல் பிறந்தவர். இதனால் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். பிடித்த எழுத்தாளருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவர்கள் அவருடைய சமகாலத்தவர்கள், ஒருவேளை நண்பர்களாகவோ எதிராளிகளாகவோகூட இருந்திருப்பார்கள்.

நேரில் போக முடியாதபோதும் அலமாரியைப் பார்க்க வழி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு நியூசிலாந்து நூலகம் ஒன்றில் முதலில் இயங்கத் தொடங்கி, இப்போது உலகெங்கும் பரவியிருக்கும் கட்டற்ற நூலக மென்பொருளான கோஹாவை உங்கள் நூலகம் பயன்படுத்தினால், நூலின் பிரதிகள் பட்டியலில் பகுப்பு எண்ணுக்கு அருகே ‘அலமாரியைப் பார்வையிடு’ என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் அந்த நூலின் இருபுறமும் உள்ள நூல்கள் திரையில் வரிசையாக வரும். இரவலில் போயிருக்கும் நூல்களும் இதில் தெரியும் என்பதால், சில சமயம் இது நேரில் பார்ப்பதைவிட மேல்.

புத்தகங்களைப் பற்றிய புத்தகங்கள்

அபுனைவு வாசகருக்கு நாங்கள் அறிந்த சிறந்த வழி, முடித்த நூலின் கடைசிப் பக்கங்கள். துணைநூற்பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டாம். முதலில் அடிக்குறிப்புகளைப் புரட்டி, எந்த நூல் மூன்று முறைக்கு மேல் வருகிறது என்று பாருங்கள். அந்த ஆசிரியர் எதன் மேல் சாய்ந்து எழுதினார் என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்து நன்றியுரை. அதில் வரும் பெயர்களில் இரண்டு மூன்று பேராவது அதே துறையில் எழுதியவர்களாக இருப்பார்கள். இப்படிக் கிடைத்த நூலிலும் இதையே செய்யுங்கள். இரண்டு அடுக்கு பின்னால் போனால் அந்தத் துறையின் அடிப்படை நூலில் போய் நிற்பீர்கள். இந்த வழிக்கு ஒரு குறை உண்டு: பின்னோக்கி மட்டுமே போகும். உங்கள் நூலுக்குப் பிறகு வந்தவை கிடைக்காது. அவற்றுக்கு அதே பொருள் தலைப்பை அழுத்தி, முடிவுகளை ஆண்டு வாரியாகப் புதியது முதலில் வருமாறு அடுக்குங்கள்.

நூற்பட்டியல்களுக்கென்றே டியூவியில் 011-உம் 016-உம் இருக்கின்றன. 016-க்குப் பின்னால் துறையின் எண் வரும். 016.5 என்றால் அறிவியல் நூல்களின் பட்டியல். வாசிப்பு பற்றிய நூல்கள் 028-இல் இருக்கும், 028.1-இல் மதிப்புரைகள். இவற்றில் பல, குறிப்புதவிப் பகுதியில் இரவல் தராத நூல்களாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டியதுதான். பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கும் பழைய இலக்கிய இதழ்களையும் புரட்டுங்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய மதிப்புரைப் பக்கம் ஒன்றில், அன்று கொண்டாடப்பட்டு இன்று யாரும் பேசாத நூல்கள் இருக்கும். கடையில் கிடைக்காத அவை நூலகத்தின் பின் அலமாரியில் இருக்க நல்ல வாய்ப்புண்டு.

நூலகரிடம் எப்படிக் கேட்பது

‘நல்ல புக் ஏதாவது சொல்லுங்க’ என்று கேட்டால், அவருக்கு எல்லாரும் எடுத்துப்போகும் புத்தகத்தைச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. நான்கு தகவல்களைக் கொடுங்கள்: பிடித்த மூன்று நூல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம், எல்லாரும் பாராட்டியும் உங்களுக்குப் பிடிக்காத ஒரு நூல், இப்போது வேண்டுவது கனமானதா, இலேசானதா, எவ்வளவு பக்கம் தாங்கும். பிடிக்காத நூலைச் சொல்வது முக்கியம். ‘எல்லாரும் புகழ்ந்தாங்க, எனக்கு அதுல வர்ணனை ஜாஸ்தியா இருந்தது சார்’ என்ற ஒரு வாக்கியம் அவருடைய மனதில் இருக்கும் பாதிப் பட்டியலை அடித்துவிடும். திறந்ததும் மூடும் முன்னும் கூட்டம் இருக்கும், இடைப்பட்ட நேரத்தில் போங்கள். கொடுத்த நூலைத் திருப்பும்போது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். இரண்டாவது பரிந்துரை முதலாவதைவிடச் சரியாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பேசத் தயக்கமாக இருந்தால், திரும்பி வந்த நூல்களை வைத்திருக்கும் தள்ளுவண்டியைப் பாருங்கள். யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்த நூல்கள் அவை.

கைப்பேசியில் கிடைப்பவை

உங்கள் நூலகம் நாவலிஸ்ட் சேவைக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆங்கில வாசகர்களுக்கு அது பெரிய வசதி. இந்த நூல் பிடித்தவர்களுக்கு வேறு எவை பிடிக்கும் என்று காரணத்தோடு சொல்லும். நடை, வேகம், மனநிலையை வைத்தும் தேடலாம். நூலகங்களின் மின்னூல்களை இரவல் தரும் ஓவர்டிரைவின் லிப்பி செயலியில் உறுப்பினர் அட்டை எண் கொடுத்தால் மின்னூல்களின் முன்னோட்டப் பக்கங்களை இரவல் எடுக்காமலேயே படித்துப் பார்க்கலாம். ஒரு நூல் உங்கள் நூலகத்தில் இல்லை என்றால் பல நாட்டு நூலகங்களின் கூட்டுக் கேட்லாக்கான வேர்ல்ட்கேட்டில் தேடுங்கள், எந்த நூலகங்களில் இருக்கிறது என்று காட்டும். அதை வைத்து நூலகங்களுக்கு இடையிலான இரவலுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எழுதுங்கள். 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. ஆனால் வாசிப்பதற்காகத் தேடும்போது அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். அது ஒரே ஒரு பதிப்பைத்தான் காட்டும், அதே நூலின் வேறு பதிப்பு அலமாரியில் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரும்.

‘அதிகம் இரவல் போனவை’ பட்டியல் எல்லா இடத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும். உங்களைப் பற்றி எதுவும் தெரியாத பட்டியல் அது. எங்கள் கணிப்பில் இருப்பதிலேயே பலவீனமான வழி அதுதான்.

முன்பதிவு செய்யும்போது காத்திருப்பைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் 12 பேர், பிரதிகள் 3, இரவல் காலம் 14 நாள் என்றால், 12-ஐ 3-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்குங்கள்: சுமார் 56 நாள். புதுப்பிக்க அனுமதி உண்டென்றால் இன்னும் நீளும். அதனால் முன்பதிவு நூல் ஒருபுறம் வந்துகொண்டிருக்க, இன்றைக்கு வாசிக்க அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கேட்லாக்கில் ‘இருக்கிறது’ என்று காட்டியும் இடத்தில் இல்லாத நூலை, அதே எண்ணின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் தேடுங்கள். பிறகு தள்ளுவண்டி, வாசிப்பு மேசைகள், பெரிய அளவு நூல்களின் தனி அலமாரி. அங்கும் இல்லை என்றால் நூலகரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தேடி வைப்பார்.

மேசையில் பத்து நிமிடம்

ஐந்து நூல்களை எடுத்து மேசைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். பின்னட்டையை நம்ப வேண்டாம், விற்பதற்காக எழுதியது அது. முதல் பக்கத்தையும், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் வாசியுங்கள். முதல் பக்கத்தை எல்லாரும் செதுக்கியிருப்பார்கள், நடுப்பக்கத்தில்தான் உண்மையான நடை தெரியும். அபுனைவு என்றால் பொருளடக்கமும் பின்னால் உள்ள சொல்லடைவும் போதும். மூன்றை வீட்டுக்கு எடுங்கள்: நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்தது ஒன்று, முன் வாசித்ததோடு தொடர்புள்ளது ஒன்று, துணிந்து எடுத்தது ஒன்று.

எவ்வளவு தூரம் பொறுத்துப் பார்ப்பது? நான்சி பெர்லின் கணக்கு 50 பக்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதி வரும் பக்கங்களோடு முடிவுசெய்யலாம். நாவலுக்கு இது பொருந்தும். கவிதைக்கும் கடிதத்துக்கும் பொருந்தாது, அவற்றை எங்கே திறந்தும் தொடங்கலாம்.

வாசிக்க வேண்டியவற்றைக் குறித்து வைக்கும்போது பகுப்பு எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள். ‘910.45, கடற்பயணம், திமிங்கல நூலின் அடிக்குறிப்பில் நான்கு முறை வந்தது’ என்று இருந்தால் மூன்று மாதம் கழித்தும் ஆசை எழும். வெறும் தலைப்பு மட்டும் இருந்தால் ஏன் எழுதினோம் என்றே தெரியாது.

எடுக்காமல் விட்ட இரண்டு நூல்களை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள், மேசையிலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிச் செருகிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அதோடு, பல நூலகங்கள் மேசையில் கிடக்கும் நூல்களையும் பயன்பாட்டுக் கணக்கில் சேர்க்கின்றன. நெடுங்காலம் யாரும் தொடாத நூல்களைத்தான் கழிப்பார்கள். நீங்கள் புரட்டிவிட்டு மேசையில் வைத்த அந்தக் கடிதத் தொகுப்பு அலமாரியில் தங்கிவிட அந்த ஒரு பதிவே காரணமாக இருக்கலாம்.